அரசின் ஊடகக் கண்காணிப்புப் பிரிவு: செலவு எங்கே தெரியும், எதற்காக நடத்துகிறார்கள்?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கும் தலைப்பு, அரசு நடத்தும் ஊடகக் கண்காணிப்புப் பிரிவுகள். அவற்றுக்கு எவ்வளவு செலவாகிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பதுதான் கேள்வி.

இந்தத் தலைப்பு என் மண்டையில் ஏறியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி பாசி பிடித்துக் கிடப்பதைப் படத்தோடு ஒரு நாளிதழ் போட்டது. மறுநாள் காலையிலேயே ஆள் வந்து தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் அந்தச் செய்தியை எழுதிய நிருபரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "உனக்கு வேறு செய்தியே கிடைக்கலையா" என்று அரை மணி நேரம் கேட்டார்களாம். தொட்டி சுத்தமானதும் அவரைக் கூப்பிட்டதும் ஒரே பேப்பர் கட்டிங்கால்தான் நடந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கட்டிங் எந்த மேசைக்குப் போகிறது, யார் வெட்டுகிறார்கள், அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை சேர்த்தது கொஞ்சம்தான். மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் 2008 முதல் மின்னணு ஊடகக் கண்காணிப்பு மையம் டெல்லியில் இயங்குகிறது, நூற்றுக்கணக்கான சேனல்களைப் பதிவு செய்து பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023 அக்டோபரில் தகவல் சரிபார்ப்பகம் தொடங்க ஆணை வந்தது. மாவட்டங்களில் மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. ஆனால் பட்ஜெட் புத்தகத்தில் "கண்காணிப்பு" என்று தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர், "சின்னத் தொகையம்மா, இதைப் போய் ஏன் துருவுகிறாய்" என்கிறார். தொகை சின்னதாக இருந்தால் விட்டுவிட வேண்டியதுதானா? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பழைய ஏபிஆர்ஓ எழுதியது:

அம்மா, நீங்கள் தேடும் அந்த மேசையில்தான் நான் 31 வருடம் உட்கார்ந்திருந்தேன். 1988-இல் தென்மாவட்டம் ஒன்றில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, உதவி மக்கள் தொடர்பு அலுவலராக ஓய்வுபெற்றேன். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள், மற்றதைச் சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்குப் பேப்பர் கட்டு வந்து விழும். தினத்தந்தி, தினமலர், தினமணி, தினகரன், தீக்கதிர், ஹிந்து. மாலைப் பத்திரிகைகள் முந்தின நாளுடையவை. உதவியாளர் அண்ணன் ஒருவர் இருந்தார். ஏழாவதுக்கு மேல் படிக்காதவர். மாவட்டப் பக்கத்தை விரித்தால் எது கலெக்டர் பார்க்க வேண்டிய செய்தி என்று அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். எஃகு ஸ்கேலை வைத்து பிளேடால் கிழிப்பார். மைதாப் பசை. வெள்ளைத் தாளில் ஒட்டி, மேலே பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண். ஏழரைக்குள் கோப்பு கலெக்டர் முகாம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பசை காயாமல் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டால் அன்றைக்குத் திட்டு நிச்சயம்.

கலெக்டர் சிவப்புப் பேனாவில் ஓரத்தில் எழுதுவார்: "பிடிஓ, இன்று மாலைக்குள்." "சிஇஓ, விவரம்." பிடிஓ என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், சிஇஓ என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அது திரும்பி வந்ததும் பதிவேட்டில் ஏற்றுவேன். தேதி, பத்திரிகை, பொருள், எந்தத் துறை, அனுப்பிய நாள், பதில் வந்த நாள், எடுத்த நடவடிக்கை. ஏழு பத்திகள். அந்த ஏழாவது பத்திக்காகத்தான் மற்ற ஆறும். செலவையும் பயனையும் பற்றிக் கேட்கிறீர்களே, இரண்டையும் அதில்தான் பார்க்க முடியும்.

ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு ஆடி மாதம். நான்கே வரிச் செய்தி, படம் கூடக் கிடையாது. ஒரு காலனியில் அடிபம்பு கெட்டு மூன்று மாதமாகிறது, பெண்பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் கடந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்று. வெட்டி ஒட்டி அனுப்பினோம். மாலையில் சம்பந்தப்பட்ட பொறியாளரிடமிருந்து பதில் வந்தது: "செய்தி உண்மைக்குப் புறம்பானது. பம்பு நல்ல நிலையில் இயங்குகிறது." இந்த வாக்கியத்தை என் பணிக்காலத்தில் எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அதை அப்படியே மறுப்புச் செய்தியாக டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவதுதான் வழக்கம். அன்றைக்கு இருந்த கலெக்டர் அனுப்பவிடவில்லை. மறுநாள் வேறு ஊருக்குப் போகிற வழியில் ஜீப்பைத் திருப்பச் சொன்னார். நான் பின்சீட்டில் இருந்தேன். பம்பைப் பார்த்தோம். கைப்பிடியே இல்லை. கைப்பிடி இருக்க வேண்டிய துளையில் குளவி கூடு கட்டியிருந்தது.

அவர் கத்தவில்லை. அங்கேயே பதிவேட்டை வாங்கி ஏழாவது பத்தியில் தன் கையால் எழுதினார்: "நேரில் பார்த்தேன். செய்தி உண்மை." அன்றிலிருந்து, "உண்மைக்குப் புறம்பானது" என்று பதில் எழுதுகிற அதிகாரி அந்த இடத்தின் புகைப்படத்தை இணைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிலிம் ரோல் காலம் அது. அந்த வாக்கியம் வருவது பாதிக்கு மேல் குறைந்துபோனது. நான் கண்ணால் பார்த்தது.

கண்காணிப்பு என்றால் எனக்கு அந்தக் குளவிக் கூடுதான். அரசாங்கத்துக்குத் தன் ஆட்களே சொல்லாததை நான்கு வரிச் செய்தி சொன்னது. அதற்கு ஆன செலவு ஒரு பேப்பரும் ஒரு சொட்டுப் பசையும்.

அப்புறம் காலம் மாறியது. கடைசி இரண்டு மூன்று வருடம் கட்டிங் எல்லாம் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகப் போனது. அதில் தவறில்லை, வேகம் நல்லதுதான். ஆனால் கூடவே ஒப்பந்த ஆட்களை வைத்து ஒரு அட்டவணை போட ஆரம்பித்தார்கள். பாசிட்டிவ் பச்சை, நெகட்டிவ் சிவப்பு, நியூட்ரல் மஞ்சள். வாரக் கடைசியில் இந்த வாரம் எத்தனை சிவப்பு என்று ஒரு எண். துறை என்ற பத்தி இல்லை, நடவடிக்கை என்ற பத்தியும் இல்லை. அதே அடிபம்புச் செய்தி அன்று வந்திருந்தால் சிவப்பில் ஒரு எண்ணாகத்தான் நின்றிருக்கும். சிவப்பைக் குறைக்கச் சொன்னால் பம்பைச் சரிசெய்வதை விட நிருபரைக் கூப்பிட்டுப் பேசுவது சுலபம். உங்கள் ஊர் நிருபருக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "நீங்க பழைய ஆளு சார்" என்று உட்காரவைத்துவிட்டார்கள். இன்னமும் எனக்கு அது ஆறவில்லை.

செலவு விஷயம். "கண்காணிப்பு" என்று தேடினால் கிடைக்காது, சரிதான். பட்ஜெட்டில் 2220 என்ற தலைப்பைப் பாருங்கள், செய்தியும் விளம்பரமும். பத்திரிகை வேலைகள், தகவல் மையங்கள், புகைப்படப் பிரிவு, விளம்பரம் எல்லாம் அதற்குள்தான். என் சம்பளம் அதில் ஒரு மூலையில் இருந்தது. காலை இரண்டு மணி நேரம் கட்டிங், பிறகு அமைச்சர் நிகழ்ச்சி, பத்திரிகைக் குறிப்பு, மாலையில் அரசுப் பொருட்காட்சி என்று வேலை பார்க்கிற ஆளின் சம்பளத்தில் எத்தனை பங்கு கண்காணிப்பு என்று எந்தப் புத்தகமும் பிரித்துச் சொல்லாது. பிரித்துக் காட்டுவது ஒப்பந்தங்கள்தான். வெளி நிறுவனத்துக்குக் கொடுத்த வேலை ஆணையைக் கேளுங்கள். அதில் தொகையும் இருக்கும், என்ன வேலை வாங்குகிறார்கள் என்பதும் வரிவரியாக இருக்கும்.

இன்னொன்று, உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள். பத்திரிகையைப் படித்துக் குறிப்பு அனுப்புகிற துறையும், அரசு விளம்பரத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கிற துறையும் ஒன்றே. கட்டிங்குக்கு ஆகும் செலவு சின்னதுதான். விளம்பரத்துக்குப் போகும் பணம் சின்னது அல்ல. ஒரு கூரையின் கீழ் இரண்டும் இருக்கும்போது, சின்னத் தொகை என்று இதை ஒதுக்க என்னால் முடியாது.


கீழமாசி வக்கீல் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அந்தப் பம்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சட்டப் பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

டெல்லி மையம் எதை வைத்துச் சேனல்களைப் பார்க்கிறது என்றால், 1995-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறி, விளம்பர நெறி இரண்டும். மீறல் என்று தோன்றினால் குறிப்பு அமைச்சகத்துக்குப் போகும். அமைச்சகம் விளக்கம் கேட்கலாம், எச்சரிக்கலாம், ஒளிபரப்பை நிறுத்தவும் உத்தரவிடலாம். 2016 நவம்பரில் என்டிடிவி இந்தியா சேனலை ஒரு நாள் நிறுத்தச் சொன்ன உத்தரவும் (எதிர்ப்பு வந்ததும் அதை நிறுத்திவைத்தார்கள்), 2020 மார்ச்சில் இரண்டு மலையாளச் செய்திச் சேனல்களை 48 மணி நேரம் நிறுத்திய உத்தரவும் (முழுக் காலம் முடியும் முன்பே விலக்கிக்கொண்டார்கள்) இந்தச் சட்டத்தில் வந்தவைதான். மாவட்டக் கட்டிங் கோப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே குறிப்பு போவது பம்பைச் சரிசெய்ய வேண்டியவரிடம். இங்கே குறிப்பு போவது சேனலின் உரிமத்தைக் கொடுக்கவும் பறிக்கவும் அதிகாரம் உள்ளவரிடம்.

அடுத்து, தொகை தெரிந்த ஒரு வழக்கு. 2018-இல் அதே அமைச்சகம் சமூக ஊடகத் தகவல் தொடர்பு மையம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. பெசில் என்ற அரசு நிறுவனம் டெண்டர் விட்டது. மதிப்பீடு சுமார் 42 கோடி ரூபாய். மாவட்டந்தோறும் ஒப்பந்த ஆட்கள், சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டி அலசும் மென்பொருள். திரிணமூல் காங்கிரஸின் மஹுவா மொய்த்ரா உச்ச நீதிமன்றம் போனார். 2018 ஜூலையில் விசாரணையின்போது, இது கண்காணிப்பு அரசை உருவாக்குவது போல இருக்கிறது என்று நீதிபதிகள் கவலை தெரிவித்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று திட்டத்தையே திரும்பப் பெறுவதாக அட்டர்னி ஜெனரல் சொன்னார். இதில் உங்களுக்குப் பாடம் என்னவென்றால், அந்த வழக்கு டெண்டர் ஆவணத்தின் மேல்தான் நின்றது. எதற்காகக் கண்காணிக்கிறோம் என்று கொள்கைக் குறிப்பில் அழகாக எழுதலாம். டெண்டரில் எழுத முடியாது. என்ன வேண்டும் என்று அங்கே உண்மையைச் சொன்னால்தான் விலை கேட்க முடியும்.

சரிபார்ப்பு வேறு, கண்காணிப்பு வேறு என்பதையும் பிரித்து எழுதுங்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019-இல் உண்மை கண்டறியும் பிரிவு தொடங்கியது. அது மறுப்புச் சொல்வதோடு நின்றவரை பெரிய சட்டச் சிக்கல் இல்லை. 2023-இல் ஐடி விதிகளைத் திருத்தி, மத்திய அரசு தொடர்பான ஒன்றைப் பொய் என்று அரசின் பிரிவே அடையாளம் காட்டினால், அதை அப்படியே விட்டுவைக்கும் சமூக வலைத்தளம், பிறர் போடும் பதிவுக்குத் தான் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பை இழக்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தபோதுதான் பிரச்சினை. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். 2024 மார்ச் 20 அன்று பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் பிரிவையே அதற்கு நியமித்து அறிவிக்கை வந்தது, மறுநாளே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது "ஏன்" என்று கேட்காதீர்கள், பதில் வராது. ஆவணம் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள். பதில் இல்லையென்றால் மேல்முறையீடு. நகலுக்குக் காசு கேட்டால் தயங்காமல் கட்டுங்கள், அந்த ரசீதும் ஆய்வேட்டுக்கு ஒரு ஆதாரம்.


பனியன் கம்பெனி சூப்பர்வைசர் எழுதியது:

மேலே எழுதியவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதைப் படிக்கிறவர்கள், இந்தப் பிரிவே வேண்டாம் என்று போய்விடக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

2023 மார்ச் முதல் வாரம், திருப்பூர். எங்கள் விடுதியில் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் நாற்பது பேர். இரவு ஷிப்ட் முடிந்து ஒரு பையன் என்னிடம் போனை நீட்டினான். கை நடுங்கியது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று ஒரு வீடியோ. அவன் அம்மா ஊரிலிருந்து அழுதுகொண்டே பேசுகிறார். நான் தமிழும் அரைகுறை இந்தியுமாக, "நான் இங்கேதானே இருக்கிறேன், எங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை" என்கிறேன். என் வாய்ச்சொல்லை நம்புவானா, கையில் இருக்கிற படத்தை நம்புவானா? ஹோலிக்கு ஊருக்குப் போக முன்பே டிக்கெட் எடுத்தவர்கள் பாதி, பயந்து கிளம்பியவர்கள் பாதி. ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை.

பிறகு காவல்துறை அந்த வீடியோக்கள் வேறு இடங்களில், வேறு காரணத்துக்கு நடந்த சண்டைகளின் காட்சிகள் என்று சொன்னது. டிஜிபி பேசினார், வழக்குகள் போட்டார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூரில் தொழிலாளர்களை நேரில் பார்த்துப் பேசியது. எங்கள் பையன்களுக்கு இந்தியில் பேச ஒரு உதவி எண் கிடைத்த அன்றுதான் விடுதியில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது.

இதெல்லாம் நடக்க எடுத்த அந்தச் சில நாட்கள்தான் என் கேள்வி. இந்தியிலும் போஜ்புரியிலும் வருவதை முதல் நாளே யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால்? தமிழ்ப் பத்திரிகையை மட்டும் வெட்டி ஒட்டினால் இது கண்ணில் படாது. இதற்குச் செலவு செய்யச் சொன்னால் என் வரிப்பணத்தைச் சந்தோஷமாகக் கொடுப்பேன்.


பழைய ஏபிஆர்ஓ எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். நான் எழுதியதில் அது விடுபட்டுப் போனது என் குறை. அடிபம்பும் உங்கள் விடுதிப் பையனும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் கட்டிங் போய்ச் சேர்ந்த இடம், பயந்தவனுக்கும் தாகத்தில் இருந்தவனுக்கும் உதவக்கூடிய இடம். நான் எதிர்ப்பது நிறம் போட்டு எண்ணுவதை. அந்த வீடியோவும் அட்டவணையில் சிவப்பு, தொட்டிப் பாசியும் சிவப்பு. பொய்யையும் உண்மையான குறையையும் ஒரே நிறத்தில் போட்டால், பார்க்கிற அதிகாரிக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?


எழும்பூர் வாசகி எழுதியது:

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாலு வருடமாகப் பழைய பத்திரிகைகள் பற்றி வேலை செய்கிறேன். இந்தத் திரியில் ஒரு தாத்தாவையும் அறிமுகம் செய்ய வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே இது உண்டு. சென்னை அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ், தெலுங்குப் பத்திரிகைகளைப் படித்து, முக்கியமானதை ஆங்கிலத்தில் சுருக்கி, அச்சடித்து, ரகசியம் என்று குறித்து அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள். சுதேசமித்திரன் என்ன எழுதியது, பாரதியின் 'இந்தியா' என்ன எழுதியது எல்லாம் அதில் வரும். மேல் அதிகாரிகள் படித்துவிட்டு வழக்குப் போடலாமா என்று யோசிப்பார்கள். 'இந்தியா' 1908-இல் புதுச்சேரிக்குப் போக வேண்டிவந்த காலம் அது.

அந்த அறிக்கைகளில் பஞ்சம், தண்ணீர் வரி, காவலர் அடாவடி, ரயிலில் மூன்றாம் வகுப்புக்காரர்கள் பட்ட பாடு என்று குறைகளும் நிறைய இருக்கின்றன. பல சின்னப் பத்திரிகைகளின் ஒரு பிரதி கூட இன்று கிடையாது. அவை எழுதியதில் நமக்கு மிஞ்சியது கண்காணித்தவன் எடுத்த குறிப்பு மட்டும்தான். நூறு வருடத்துக்கு மேலான அந்தத் தாள்களைப் புரட்டும்போது எனக்கு ஒரே ஆதங்கம்: பத்திரிகை என்ன எழுதியது என்று இருக்கிறது, அதற்குப் பிறகு அந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்று அந்தப் பக்கத்தில் இல்லை. ஐயா சொன்ன ஏழாவது பத்தி அன்றைக்கும் இல்லை.

அதனால் வைகைக்கரை, அந்தப் பதிவேடுகளை எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனசார நன்றி. மனுவை இப்படி எழுதலாமா என்று பாருங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் செய்தி சேகரிப்பு, கண்காணிப்பு, அலசல் வேலைக்கு வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்த வேலை ஆணைகளின் நகல். எங்கள் மாவட்டத்தில் செய்திக் கட்டிங் பதிவேட்டின் நகல், எடுத்த நடவடிக்கை என்ற பத்தியோடு. அந்தப் பத்தி இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில். ஐயா, பதிவேட்டை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்?


பழைய ஏபிஆர்ஓ எழுதியது:

மனு நன்றாக இருக்கிறது. "நகல்" என்பதோடு "நேரில் பார்வையிட அனுமதி" என்றும் ஒரு வரி சேருங்கள். நகல் தர முடியாத அளவுக்குப் பெரிது என்று சொன்னால் போய் உட்கார்ந்து படிக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

காலம் பற்றி. கோப்பை முடிக்கும்போதே ஒரு வருடம், மூன்று வருடம், பத்து வருடம், நிரந்தரம் என்று வகை பிரித்துப் போடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் கட்டிங் கோப்புக்கு ஒரு வருடம்தான் போட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் பழைய கட்டுகளைச் சணல் போட்டுக் கட்டி எடைக்கு அனுப்புவோம். அந்தக் கலெக்டர் கையெழுத்துப் போட்ட பதிவேடும் அப்படித்தான் போனது, ஒரு பக்கத்தைக் கூட நான் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் இந்த வாரமே மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது அந்தக் கோப்பை அழித்தால் அதற்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். போய்ச் சேர்ந்தது என்று தெரிந்ததும் இங்கே சொல்லுங்கள், மேல்முறையீடு வரை நான் கூட இருக்கிறேன்.